யாரைக் கேட்டு மன்னித்தார்

என் கணவரைக் கடவுள் மன்னித்துவிட்டாராம். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு, வாவிக்கு அக்கரையில் உள்ள மைதானத்திலிருந்து, நான்கு ஒலிபெருக்கிகள் வழியாக இந்தச் செய்தி எனக்கு வந்து சேர்ந்தது. நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். யாரைக் கேட்டு மன்னித்தார் என்று சட்டியைப் பார்த்தே கேட்டேன்.

அதோடு நின்றிருந்தால் நானும் மீனைக் கழுவி முடித்திருப்பேன். நிற்கவில்லை. தண்ணீருக்கு மேலால் வரும் சத்தத்தில் ஒரு சொல்லும் சிதறாது, பக்கத்து வீட்டுப் பேச்சைவிடத் தெளிவாகக் கேட்கும். ஐஸ் என்ற போதைத்தூள் பாவித்த கதை, வீட்டுச் சாமான்களைத் தூக்கி விற்ற கதை, பஸ் நிலையத்தில் படுத்த கதை என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் சனம் ஒரு அல்லேலூயா போட்டது. பிறகு என் கணவருடைய குரல் தழுதழுத்தது.

“நித்திரையில கிடந்த என்ட பிள்ளைட காதில இரிந்து தோட்டக் கழட்டி வித்தவன் நான். இந்தப் பாவியைத்தான் கர்த்தர் தூக்கி எடுத்தார்.”

அதற்கும் அல்லேலூயா. விறாந்தையில் பாய் போட்டுப் படித்துக்கொண்டிருந்த என் மகள் கிருசிகா தலையை நிமிர்த்தினாள். அவளுக்குப் பதினொரு வயது. பேனையை மூடிக் கொப்பிக்கு மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

அந்தத் தோட்டின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏன் இப்படிக் கொதிக்கிறேன் என்று யாருக்கும் விளங்காது. இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த பிள்ளை எழும்பியபோது இடது காதில் தோடு இல்லை. வலது காதில் இருந்தது. பாயை உதறினோம், கிணற்றடியைக் கூட்டினோம், முற்றத்து மண்ணை அரிதட்டில் போட்டு அரித்தோம். இல்லை. காது குத்துக்கு என் அண்ணன் சவூதியில் இருந்து காசனுப்பிச் செய்வித்த தோடு அது. நான் பூவரசங்கம்பை முறித்தேன். எங்கே துலைத்தாய், எங்கே துலைத்தாய் என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். தெரியாது, தெரியாது என்றுதான் அவள் கடைசிவரை சொன்னாள். அவர் முற்றத்தில் இருந்து நண்டு வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். போதும் கலா, சின்னப் பிள்ளைதானே என்று ஒரு தடவை சொன்னார். நல்ல தகப்பன் என்று அப்போது நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்றிலிருந்து எங்கள் ஒழுங்கையில் அவளுக்கு ஒரு பெயர் விழுந்தது. கையில் ஒன்றும் நிற்காத பிள்ளை. சின்னம்மா வீட்டுக் கலியாணத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு எல்லாம் சங்கிலி இரவல் கொடுத்தார்கள், இவளுக்குப் பிளாஸ்டிக் மாலை. கடைக்கு அனுப்பினால் மிச்சக் காசைத் தாளில் சுற்றி ஊசி குத்திக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளையும் அதை நம்பத் தொடங்கிவிட்டாள். தினமும் படித்து முடிந்ததும் பென்சில், அழிறப்பர், அடிமட்டம் எல்லாவற்றையும் பாயில் பரப்பி இரண்டு தரம் எண்ணிவிட்டுத்தான் பையை மூடுவாள். எண்ணும்போது உதடு அசையும். அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு எரியும்.

மூன்று மாதம் கழித்துக் காஸ் சிலிண்டர் காணாமல் போனது. அது கழன்று விழுகிற சாமான் இல்லையே. பிள்ளை பள்ளிக்கூடம் போன நேரம் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். அப்போது அவருக்குக் கன்னம் ஒட்டி, கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. இரண்டு பேரும் கத்தினோம். கத்துகிற கத்தில், ஓம், சிலிண்டரும் நான்தான், தோடும் நான்தான், இப்ப என்ன செய்யப் போறாய் என்று அவரே சொன்னார். என்ன செய்யப் போகிறேன் என்று காட்டினேன். அவருடைய உடுப்பை ஒரு உரப்பையில் போட்டு வேலிக்கு வெளியே எறிந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஆண்களுக்கு வீடு கிடையாது. பிறந்த வீடு அக்கா தங்கச்சிக்குச் சீதனமாகப் போய்விடும், கட்டின வீடு பெண்சாதி பெயரில் இருக்கும். உழைத்துக் கொடுத்துக்கொண்டு மரியாதையாக இருந்தால் இரண்டு வீட்டிலும் ராசா. அவர் மாங்கேணியில் அக்காவிடம் போனார். அவருடைய அக்கா இரண்டு நாள் சோறு போட்டாள், மூன்றாம் நாள் கைபேசி ஒன்று காணாமல் போனதும் கதவைச் சாத்தினாள். அவளில் நான் பிழை சொல்லமாட்டேன். பிறகு எட்டு மாதம் மட்டக்களப்பு ரவுனில்தான் கிடந்தார். பஸ் நிலையம், சந்தைக் கட்டு, மழைக்குக் கல்லடிப் பாலத்தடி.

அந்த எட்டு மாதமும் ஊர் என்னைத் தின்றது. புருசனைத் தெருவில் விட்டவள் என்று கிணற்றடியில் கேட்டேன், கடையில் கேட்டேன், கோயிலில் கேட்டேன். அவ்வளவு இரக்கப்பட்ட சனத்தில் ஒருவராவது பஸ் நிலையத்துக்குப் போய் அவருக்கு ஒரு பார்சல் சோறு கொடுத்தார்களா என்றால் இல்லை. எங்கள் கரைக்கு நண்டு எடுக்க வரும் காத்தான்குடி வியாபாரி கச்சி முகம்மது நானா மட்டும்தான் போகும்போதும் வரும்போதும் தேத்தண்ணியும் பணிசும் வாங்கிக் கொடுத்தார். நான் கேட்காமலே, “உசிரோட இரிக்கான் புள்ள” என்று மட்டும் சொல்வார். அதற்கு மேல் ஒரு புத்திமதியும் சொல்லமாட்டார். அவருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அங்கிருந்து என் கணவரைத் தூக்கியவர் பாஸ்டர் திவாகரன். கிழமை நாளில் முச்சக்கரவண்டி ஓட்டுபவர், ஞாயிற்றுக்கிழமையில் ஒரு தகரக் கொட்டிலில் சபை நடத்துபவர். ஒருநாள் விடிய பஸ் நிலையத்தில் சத்தியெடுத்துக் கிடந்த மனிதரை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், சபைக்குப் பின்னால் இருந்த அறையில் போட்டிருக்கிறார். அவரைப்போல இன்னும் நான்கு பேர் அங்கே இருந்தார்கள். முதல் ஏழு நாளும் இவர் அலறின அலறலில் பக்கத்து வீட்டார் பொலிசுக்குச் சொல்லப் போனார்களாம். கதவை வெளியால் பூட்டுங்கள் என்று இவரே கெஞ்சியிருக்கிறார். பாஸ்டரின் மனைவி மங்கையற்கரசி அக்கா கதவுக்கு வெளியே கதிரை போட்டு இருந்து ஜெபம் பண்ணினார், கஞ்சி கொடுத்தார், சத்தியையும் மற்றதையும் தன் கையால் கழுவினார். நான் செய்யாததை அவர் செய்தார். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

என் கணவர் அங்கே ஜெபிக்கப் பழகினார். காலையில் எழும்பி, கர்த்தாவே, மத்தியானம் வரைக்கும் என்ட கையைப் பிடிச்சிக்கொள்ளுங்க என்பாராம். மத்தியானம், பொழுதுபடும் வரைக்கும் என்பாராம். இப்படியே ஒரு வருடம் போய்விட்டது. இதற்குள் பழைய கூட்டாளிகள் இரண்டு தரம் வந்து கூப்பிட்டும் போகவில்லை. சபை ஆள் ஒருவருடைய தோணியில் வாவிக்குப் போய் மீன் பிடித்து, மாதா மாதம் பிள்ளைக்கென்று காசை மங்கையற்கரசி அக்கா கையில் கொடுத்துவிட்டார். முகத்தில் சதை பிடித்துவிட்டது என்று நானா வந்து சொன்னார். கேட்டுச் சந்தோசப்பட்டேன். அதை ஏன் மறைக்க வேண்டும், கோயிலுக்குப் போய் அம்மனுக்கு ஒரு கற்பூரமும் கொளுத்தினேன்.

இந்த இடத்தில்தான் எங்கள் கோயில் வண்ணக்கர் கந்தப்போடி ஐயா வேலிப் படலையடிக்கு வந்தார். கோயில் நிருவாகம் முழுக்க அவர் கையில். உன் புருசன் யதுர்ஷன் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிட்டானாம், அவனை வீட்டுக்கு எடுத்தால் கோயில் பூசையில் உனக்குரிய முறையை யோசிக்க வேண்டி வரும் என்றார். பாலத்தடியில் கிடக்கும்போது அவர் எந்தச் சமயம் என்று நீங்கள் ஒருவரும் கேட்கவில்லையே ஐயா என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பாஸ்டரும் வந்தார். மூன்று நாள் நற்செய்திக் கூட்டம் வைக்கிறோம், வெள்ளியும் சனியும் ஞாயிறும், கடைசி நாள் கொழும்பில் இருந்து பெரிய ஊழியக்காரர்கள் வருகிறார்கள், அன்றைக்குத் தங்கச்சி நீங்களும் பிள்ளையும் மேடைக்கு வந்து யதுர்ஷனுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், உடைந்த குடும்பத்தைக் கர்த்தர் ஒட்டினார் என்பதற்கு அது பெரிய சாட்சி என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையாகவே யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். அவரைத் திரும்ப வீட்டுக்கு எடுக்கலாமா என்பதுதான் அந்த யோசனை. பாதி மனம் ஓம் என்றது.

அந்த வெள்ளிக்கிழமைதான் ஒலிபெருக்கி என் வீட்டுக்குள் வந்தது.

பிள்ளை எழும்பி வந்து குசினி வாசலில் நின்றாள். அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை.

“அம்மா, அப்பாதான் எடுத்தவரெண்டு உங்களுக்குத் தெரியுமா?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது.

“ஓம்” என்றேன்.

“எப்ப இரிந்து?”

“அவர் வீட்ட விட்டுப் போன நாளில இரிந்து.”

அவள் திரும்பிப் போனாள். சாமான்களை எண்ணாமலே அள்ளிப் பைக்குள் போட்டாள். எண்ணுவதை எப்போது நிறுத்துவாள் என்று இரண்டு வருடம் ஏங்கின எனக்கு, அன்று அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நீங்களும் கேட்பீர்கள். தகப்பன் கள்ளன் என்று பிள்ளை நினைக்கக் கூடாது, அதுதான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். அது பாதிப் பொய். சொன்னால், நான் அடித்த அடிக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டி வரும். பெற்றவள் பிள்ளையிடம் போய் மன்னிப்புக் கேட்கிறதா என்ற திமிர். மிச்சமிருந்த மற்றத் தோட்டையும் விற்றுத்தான் அவளுக்குச் சப்பாத்தும் கொப்பியும் வாங்கினேன். அதையும் நான் யாருக்கும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை தண்ணீர் அள்ளப் போன இடத்தில் ஊர் தீர்ப்பே எழுதிவிட்டது. ஒற்றைத் தோட்டைப் பிள்ளை துலைத்தாள், மற்றதைத் தகப்பன் விற்றான், தகப்பனுக்கும் மகளுக்கும் ஒரே கைராசி என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கிருசிகா என் பின்னால் வாளியோடு நின்றாள். நான் வாளியை அங்கேயே போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்து, பாலத்தால் சுற்றி அக்கரைக்குப் போனேன்.

சபையில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வெயிலுக்குத் தகரம் படபடத்தது. அவர் என்னைக் கண்டதும் கையில் இருந்த கதிரையை மெல்லக் கீழே வைத்தார். வெள்ளைச் சேட், படிய வாரின தலை, பழைய யதுர்ஷன் மாதிரியே இருந்தார். அந்த முகத்தைக் கண்டு கோபம் ஆறிவிடுமோ என்று பயந்து உடனேயே தொடங்கினேன். நேற்று நீங்கள் சொன்னது யாருடைய கதை என்று கேட்டேன். உங்கள் கதையைச் சொல்லுங்கள், பாலத்தடியைச் சொல்லுங்கள், பஸ் நிலையத்தைச் சொல்லுங்கள், என் பிள்ளையின் காதை எதற்கு மைக்கில் போட்டீர்கள் என்று கேட்டேன்.

பாஸ்டர் நடுவில் வந்தார். தங்கச்சி ஆறுதலாக இருங்கள், பாவத்தை மறைக்காமல் அறிக்கை செய்கிறவனைத்தான் கர்த்தர் மன்னிக்கிறார், யதுர்ஷனை அவர் மன்னித்துவிட்டார் என்றார்.

“மன்னிக்க முதல் பிள்ளையக் கேட்டவரா பாஸ்டர்? அடி வாங்கினது அவள். கர்த்தருக்கு ஒரு அடியும் விழல்லயே.”

அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். பாஸ்டர் நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதருக்கும் ஒரு மேடை கிடைத்தால் கண் கொஞ்சம் மங்கித்தான் போகிறது. நோட்டீஸ் அடித்தாகிவிட்டது, நாளைக்குக் கொழும்பு ஆட்கள் யதுர்ஷனுடைய சாட்சியைக் கேட்கத்தான் வருகிறார்கள், இந்த அறையில் ஐந்து பேருக்குச் சோறு போடுவதற்கு அவர்களுடைய உதவியும் தேவை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

மங்கையற்கரசி அக்கா அரிசி களைந்த கையோடு உள்ளே இருந்து வந்தார். என்னையும் பார்க்கவில்லை, பாஸ்டரையும் பார்க்கவில்லை, என் கணவரிடம் நேரே போனார்.

“தம்பி, இந்தத் தோட்டுக் கதைய எங்களுக்கு எத்தின தரம் சொல்லியிரிப்பீங்க?”

“கன தரம் அக்கா.”

“பிள்ளைட்டச் சொன்ன நீங்களா?”

“இல்ல.”

“அப்ப அது என்ன சாட்சி?”

அவர் பாஸ்டர் பக்கம் திரும்பினார். நாளைக்கு மேடைக்கு ஏறமாட்டேன் பாஸ்டர், முதலில் பிள்ளையிடம் போகிறேன் என்றார். வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்றேன் நான். படலைக்கு வெளியால் நின்று சொல்கிறேன் கலா, அது போதும் என்றார். பாஸ்டர் ஒரு கதிரையில் இருந்துவிட்டார். அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது, சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் தோணி எங்கள் கரையில் வந்து தட்டியது. அவர் வந்து படலைக்கு வெளியே நின்றார். வெயிலில் வந்ததால் சேட் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. கூப்பிடாமலே கிருசிகா முற்றத்துக்கு இறங்கி, படலையில் இருந்து நான்கு அடி தள்ளி நின்றாள். நான் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வருடத்துக்கு மேலாகத் தகப்பனும் மகளும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

தோட்டை எடுத்தது நான் மனே, அப்பாவை மன்னித்துக்கொள் என்று அவர் தொடங்கினார். அதையெல்லாம் அவள் காதில் போடவே இல்லை. கேள்வியோடு தயாராக நின்றிருக்கிறாள்.

“ஏன் ஒண்ட மட்டும் எடுத்தீங்க?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். இந்தக் கேள்வியை நான் ஒரு நாளும் கேட்கவில்லை. பாஸ்டரும் கேட்கவில்லை, அல்லேலூயா போட்ட சனமும் கேட்கவில்லை.

“ரெண்டையும் எடுத்தா களவெண்டு விளங்கிரும். ஒண்ட எடுத்தா, நீ துலைச்சிட்டாயெண்டு அம்மா நினைப்பா எண்டு.”

வெறியில் செய்தது, புத்தி பேதலித்துச் செய்தது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். கணக்காக யோசித்துச் செய்திருக்கிறார். ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில் பழியை ஏற்றிவிட்டு, முற்றத்தில் இருந்து வலை பொத்தியிருக்கிறார்.

“அம்மா அடிக்கக்குள்ள நீங்க அங்கதானே இரிந்தீங்க?”

“ஓம்.”

“போதும் எண்டு சொன்னீங்க.”

“ஓம் மனே. நீ அழ அழ எனக்கு உண்மையச் சொல்லிருவன் போல இரிந்திச்சு. அந்தப் பயத்திலதான் சொன்னன். உன்னில இரக்கப்பட்டுச் சொல்லல்ல.” அவர் படலைத் தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “இத நான் பாஸ்டருக்கும் சொல்லல்ல. ஜெபத்திலயும் இதுக்குக் கிட்டப் போகாமத்தான் சுத்திப் போயிரிக்கன்.”

அவரைக் கொல்ல வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. வாயில் வந்ததை எல்லாம் சொல்லத் தயாராகி முற்றத்தில் இறங்கினேன். கிருசிகா திரும்பி என்னைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை குசினி வாசலில் நின்று பார்த்த அதே பார்வை. அவராவது தோணி பிடித்து வந்து வெயிலில் நின்று சொல்கிறார். நான் ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்துக்கொண்டு சொல்லாமல் இருந்தவள்.

நானும் சொன்னேன். அடித்தது பிழை, தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு இருந்தது அதைவிடப் பிழை, வெட்கத்தில்தான் சொல்லவில்லை என்று சொன்னேன். மற்றத் தோட்டை விற்றதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குச் சிறுத்துப் போனது.

பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் அழுவாள் என்று எதிர்பார்த்தேன், வந்து கட்டிப்பிடிப்பாள் என்றும் ஒரு ஆசை இருந்தது. அவள் அப்படி ஒன்றும் செய்யவில்லை.

“இத ஏன் என்னட்டச் சொல்றீங்க? நான் துலைக்கல்லண்டு எனக்குத் தெரியும்தானே. ஊருக்குத்தான் தெரியாது. ஒண்ட நான் துலைச்சதாம், ஒண்ட அப்பா வித்ததாம். மைக்கில போய்ச் சொல்லுங்க. அம்மாவும் சொல்லணும்.”

எந்த மைக்கைத் திட்டிக்கொண்டு இரண்டு நாள் நெருப்பாக நின்றேனோ, அதே மைக்குக்கு என்னைப் போகச் சொல்கிறாள். என் மானம் போய்விடும் என்றுதான் நான் கொதித்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுடைய மானம் போய் இரண்டு வருடம்.

சட்டையை மாற்று, போவோம் என்றேன்.

மூன்று பேரும் தோணியில் ஏறினோம். அவர் முன்னால் நின்று சவள் துடுப்பை வலித்தார், பிள்ளை நடுவில் இருந்தாள், நான் பின்னால் இருந்தேன்.

மைதானம் நிறைந்திருந்தது. கறுத்தக் கோட்டு போட்ட கொழும்பு ஆட்கள் முன்வரிசையில் இருந்தார்கள், ஒருவர் கமெராவைத் தூக்கிப் பிடித்திருந்தார். எங்களைக் கண்டதும் பாஸ்டர் திவாகரன் முகத்தில் வந்த வெளிச்சத்தைச் சொல்லி முடியாது. ஓடி வந்து மேடைக்கு ஏற்றினார். கர்த்தர் செய்த அற்புதத்தைப் பாருங்கள் என்று மைக்கில் சொல்லிவிட்டு அதை என் கணவரிடம் கொடுத்தார். என் நெற்றிப் பொட்டைச் சனம் பார்த்தது. பார்க்கட்டும் என்று நிமிர்ந்து நின்றேன்.

அவர் பாலத்தடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை நான் பாதிதான் சொன்னேன் என்று தொடங்கினார். தோட்டை எடுத்ததைச் சொன்னார், வழக்கம்போல ஒரு அல்லேலூயா வந்தது. ஏன் ஒன்றை மட்டும் எடுத்தேன் என்பதைச் சொன்னார். சத்தம் குறைந்தது. பிள்ளைக்கு அடி விழும்போது பக்கத்தில் இருந்து வலை பொத்தியதைச் சொன்னார். அதற்கு ஒருவரும் அல்லேலூயா போடவில்லை. என்ட மகள் கிருசிகா துலைக்கல்ல என்று மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் அது ஒலிபெருக்கி வழியாக எங்கள் கரைக்குப் போயிருக்கும், தண்ணீர் அள்ளுகிறவர்களுக்கும் கந்தப்போடி ஐயாவுக்கும் ஒரு சொல் சிதறாமல் கேட்டிருக்கும்.

மைக் என் கைக்கு வந்தது. அது இவ்வளவு பாரமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நான் கலாஜினி, இவளுடைய அம்மா, அடித்தது நான் என்றேன். அவள் துலைக்கவில்லை என்று தெரிந்த பிறகும் ஒன்றேமுக்கால் வருடம் ஊர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவளும் நான், மற்றத் தோட்டை விற்றவளும் நான் என்றேன்.

கொழும்பு ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இப்படி ஒரு சாட்சியை அவர்கள் எதிர்பார்க்கவில்லை என்பது விளங்கியது. எப்படியாவது நல்லபடியாக முடிக்க வேண்டுமே என்று பாஸ்டர் திவாகரன் சிரித்த முகத்தோடு குனிந்து, மைக்கைப் பிள்ளையின் வாய்க்கு நேரே பிடித்தார்.

“தங்கச்சி, அப்பாவையும் அம்மாவையும் மன்னிச்சிட்டீங்கதானே?”

கேட்டுவிட்டார். கடைசியில் யாரோ ஒருவர் அவளிடம் கேட்டேவிட்டார். ஓம் என்று தலையாட்டினால் பாட்டைத் தொடங்கலாம் என்று கீபோட்காரர் இரண்டு கையையும் கட்டைக்கு மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கிருசிகா அவசரப்படவில்லை. தகப்பனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இன்னும் இல்ல” என்றாள்.

நான்கு ஒலிபெருக்கியும் அதைத் தெளிவாகச் சொன்னது. முன்வரிசையில் கமெரா கீழே இறங்கியது. என் கணவர் தலையைக் குனிந்தார். பிறகு, சத்தமாக இல்லை, ஆனால் அந்த மேடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, “ஆமென்” என்றார். அவ்வளவு சனத்தில் அதற்கு ஆமென் சொன்னது அவர் ஒருவர்தான்.